பனியின் எடை

மார்ச் கடைசி. கணவாயின் மேல் காற்று இல்லை.
ஐசிரெக் குழாயைப் பனிக்குள் இறக்குகிறாள்
அடியில் மண் தட்டும்வரை.
திருகி உருவித் துலாக்கோலின் கொக்கியில் மாட்டுகிறாள்.
எசென்பெக் இரண்டு குதிரைகளையும் பிடித்தபடி
"எவ்வளவு?" என்கிறான்.
"பேசாதே. கோல் ஆடுகிறது."

ஆழம் ஐம்பத்தெட்டு. போன வருடமும் அதேதான்.
எடைதான் இல்லை.
பஞ்சு மூட்டையும் உப்பு மூட்டையும்
கண்ணுக்கு ஒரே பருமன்.

பத்துக் குழிகள்.
ஏழாவதற்குக் குறுக்கே ஓநாய்த் தடம் போகிறது.
படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
இவள் அளப்பது ஆற்றையே,
அது ஆறாவதற்கு முன்,
பெயரில்லாமல், வெள்ளையாய், மலைமேல் படுத்திருக்கையில்.

*

ஹாலந்தில், கடலைவிடத் தாழ்ந்த ஓர் ஊரில்,
யோரிட் உலகத்துக்கு வண்ணம் அடிக்கிறான்.
பற்றாக்குறைக்குச் சிவப்பு, மிகுதிக்கு நீலம்.
அவன் திரையில் இவள் மலைத்தொடர் நான்கு கட்டம்.
நான்கும் இளநீலம்.
"உங்கள் எண் எங்களுடையதைவிடக் குறைவு,
கருவியைச் சரிபார்த்தீர்களா?" என்று எழுதுகிறான்.
"ஒரு கிலோ சர்க்கரை வைத்துப் பார்த்தேன்.
ஒரு கிலோ காட்டியது."
மறுநாள் ஒரு கட்டம் மட்டும் வெளுத்திருந்தது.

நீலம் என்றால் என்னவென்று
அவனைக் கேட்க நினைத்து, விட்டுவிட்டாள்.
ஜனவரியில் மேலே அடுப்பும் விளக்கும் எரிய
அணையைத் திறக்கிறார்கள்.
சமவெளியில் உறைந்துகிடக்கும் ஆறு
அந்த நீரை வாங்கிக்கொள்ள மறுக்கிறது;
ராபிகாவின் நிலவறையில் உருளைக்கிழங்குகள் மிதக்கின்றன.
ஜூலையில் அதே ராபிகா
இரண்டு வாளிகளோடு தண்ணீர் லாரிக்கு நிற்கிறாள்.
ஒரே ஆறு. ஒரே வீடு.
எந்த நிறம் அடிப்பாய், தம்பி?

*

அறிவிப்பு போயிற்று:
இந்தக் கோடையில் வழக்கமான வரத்தில்
நூற்றுக்கு எழுபத்தெட்டு.
பெர்கானாவில் ஹோல்மத் அதை வானொலியில் கேட்டு
எடுத்துவைத்த விதைநெல்லை
அடுத்த வயல் துர்சுனுக்கு விற்றுவிட்டுப்
பாசிப்பயறு விதைத்தான்.
மே மாதம் பதினோரு நாள் மழை.
யாருடைய திரையிலும் இல்லாத மழை.
வாய்க்கால் கரையை நக்கிக்கொண்டு ஓடியது.
துர்சுனின் நெல் தவளைகளோடு நின்றது.

நிலையத்தின் எண்ணைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டான்.
திட்டினான். ரஷ்ய மொழியில் கொஞ்சம்,
புரியாமல் போய்விடக் கூடாதென்று கிர்கிஸில் கொஞ்சம்.
அவள் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை.
பனியைத்தான் சொன்னேன், மழையைச் சொல்லவில்லை
என்றிருக்கலாம். உண்மைதான்.
வாய்க்காலுக்குத் தெரியுமா, பனி எது மழை எது?

பதிவேட்டில் மூன்று பத்திகள்:
சொன்னது. வந்தது. வித்தியாசம்.
எழுபத்தெட்டு. தொண்ணூற்றொன்று. பதின்மூன்று.
பென்சிலால் அல்ல, பேனாவால்.

அக்டோபரில் தொலைபேசி. அதே குரல், தணிந்து.
"மேலே விழுந்துவிட்டதா?"
"நேற்று இரவு. ஒரு விரல் உயரம்."
"வருகிற வருடம் எப்படி?"
"தெரியாது."
அவன் வைத்துவிடவில்லை.
பின்னால் யாரோ பயறு புடைக்கும் சத்தம்.
"தெரிந்ததும் சொல்லுங்கள்," என்றான்.

*

மறுபடி மார்ச். குதிரைகள் கனைக்கின்றன.
பையிலிருந்து குழாயை எடுக்கிறாள்,
உதறுகிறாள், கையுறையால் துடைக்கிறாள்,
பனியைத் தொடுமுன்
வெறும் குழாயைக் கொக்கியில் மாட்டுகிறாள்.
முதலில் ஒன்றுமில்லாததன் எடை.
எசென்பெக் இம்முறை எதுவும் கேட்கவில்லை.
கோல் ஆடி நிற்கட்டும் என்று
இருவரும் காத்திருக்கிறார்கள்.